முதுகுப் பக்கத்துச் செய்திகள்

ஒரு பிரதமரின் எட்டு வருட ஆட்சியை இரண்டு இரும்பு பீரோக்களுக்குள் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிற பெண்மணிக்கு அலுவலகத்தில் கத்திரியம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பிரதமர் அலுவலகம் என்றதும் பளபளவென்ற தரையையும் சில்லென்ற அறையையும் கற்பனை செய்ய வேண்டாம். அதெல்லாம் முன்பக்கம். கத்திரியம்மாவின் அறை பின்பக்கம், லிஃப்ட் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு அடுத்தது. ஒரு நீள மேசை, ஒரு ஸ்டூல், தேதி முத்திரை, மை அட்டை, ஒரு பெரிய கத்திரி. அந்தக் கத்திரியை நூல் வெட்டக்கூட யாருக்கும் தர மாட்டார். தலைக்கு மேலே மின்விசிறி உண்டு. போட்டால் வெட்டி வைத்த துண்டெல்லாம் பறந்துவிடும் என்பதால் முப்பத்தோரு வருடமாக அது சுற்றியதே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற யாராவது வியர்த்து விறுவிறுத்துப்போய் அந்த சுவிட்சில் கைவைத்தால், கத்திரியம்மா பார்க்கிற பார்வையிலேயே கை தானாக இறங்கிவிடும்.

வேலை இதுதான். காலை ஏழு மணிக்கு நாட்டின் பத்திரிகைகள் கட்டாக வந்து இறங்கும். முந்தைய நாள் மாலைப் பத்திரிகைகளும் அதில் உண்டு. ஒன்பது மணிக்குள் பிரதமர் பற்றிய செய்திகளை வெட்டி, ஆல்பத்தில் ஒட்டி, ஓரத்தில் தேதி குத்தி, மேலே அனுப்பிவிட வேண்டும். உள்நாட்டுச் செய்தி இடது பீரோ. வெளிநாட்டுச் செய்தி வலது பீரோ. அவ்வளவுதான், ஆனால் இதைக் கத்திரியம்மா செய்கிற தோரணையைப் பார்த்தால், நாடே இந்த மேசைமேல்தான் ஓடுகிறதோ என்று தோன்றும்.

"என் ரூம்ல இல்லாத விஷயம் இந்த நாட்டுல நடக்கவே இல்லைன்னு வச்சுக்கோங்க," என்று தேநீர் வேளையில் எல்லோரிடமும் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு மடக்குக் குடிப்பார். எதிர்த்துப் பேச யாருக்கும் துணிவு வந்ததில்லை. அந்த நாக்கை அவரே ஒரு நாள் கடித்துக்கொள்ள வேண்டியிருந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த பீரோக்களுக்குச் சொந்தக்காரரான பிரதமரை அலுவலகத்தில் ஐயா என்பார்கள். ஆள் குள்ளம். ஆனால் வெளிநாட்டு விமானத்தின் படியேறும்போது நாலு அங்குலம் உயர்ந்துவிடுவார். வெளிவிவகாரம் என்றால் அவருக்கு அப்படி ஓர் உற்சாகம். நாற்பது வருடமாக முறைத்துக்கொண்டிருந்த பக்கத்து நாட்டோடு மூன்று ஒப்பந்தம் போட்டார். எல்லை ஆற்றின்மேல் பாலம் கட்டினார். எங்கோ தூரத்தில் அடித்துக்கொண்ட இரண்டு நாடுகளை ஒரே மேசையில் உட்கார வைத்து, சண்டையை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தார். அதில் பொய்யில்லை. உள்நாட்டு விவகாரம் என்று வந்தால் மட்டும், விருந்தாளியிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு, அவர் போனதும் வீட்டாரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற குடும்பத் தலைவர் மாதிரி ஆகிவிடுவார்.

ஆட்சியின் இரண்டாம் வருடம் அவர் சிக்கன ஆணை போட்டார். எல்லா அலுவலகத்திலும் எல்லாம் பாதி. கத்திரியம்மாவின் அறையில் பாதியாகக்கூடிய பொருள் இரண்டே இரண்டுதான் இருந்தன. அதுவரை ஒவ்வொரு பத்திரிகையிலும் இரண்டு பிரதி வந்துகொண்டிருந்தது, இனி ஒன்று. அதுவரை ஒட்டுவதற்கு, தண்ணீர் பட்டாலும் விடாத கோந்து பாட்டில் வந்துகொண்டிருந்தது. பாதி பாட்டில் கணக்கில் வராது என்று அதை அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

கோந்து போனது பெரிய விஷயமில்லை. கத்திரியம்மா வீட்டிலேயே மைதாமாவைக் காய்ச்சிப் பசையாக்கி ஒரு டப்பாவில் எடுத்துவந்தார். மைதாவில் ஒட்டினால் பூச்சி வந்து தாளைத் தின்னும் என்று திட்டிக்கொண்டே ஒட்டினார். பிரதி போனதுதான் வில்லங்கம். பத்திரிகைத் தாளுக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறதே! முதல் பக்கத்தில் ஐயா வெளிநாட்டில் மாலை மரியாதையோடு நிற்பார். அதே இடத்துக்குப் பின்னால், இரண்டாம் பக்கத்தில், உள்ளூரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஐயாவிடம் மனு கொடுத்திருப்பார்கள். இரண்டு பிரதி இருந்தவரை இதை ஒன்றிலும் அதை ஒன்றிலும் வெட்டலாம். ஒரே பிரதியில் எதை வெட்டுவது?

கத்திரியம்மா மேலே எழுதிக் கேட்டார். நாலாம் நாள் பதில் வந்தது: 'இருபுறமும் செய்தி இருப்பின் வெளிநாட்டுச் செய்திக்கே முன்னுரிமை.' கீழே பச்சை மையில் ஐயாவின் சுருக்கொப்பம். கத்திரியம்மா அந்தத் தாளை வலது பீரோவின் கதவுக்கு உட்பக்கம் ஒட்டிவைத்தார். அதற்கப்புறம் அவருக்கு யோசிக்கிற வேலை மிச்சம். முகத்தைப் பார்ப்பார், வெட்டுவார், முதுகில் பசை தடவுவார், ஒட்டுவார். முதுகில் என்ன இருந்தது என்று ஒரு கண் ஓட்டியிருக்கலாம்; ஓட்டவில்லை. ஒன்பது மணிக்குள் மேலே போயாக வேண்டுமே.

ஆட்சி முடிந்தபோது வலது பீரோவில் நாற்பத்தோரு ஆல்பம் பிதுங்கிக்கொண்டிருந்தது. இடது பீரோவில் ஒன்பது. காலி இடத்தில் கத்திரியம்மா தன் குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் வைத்துக்கொண்டார்.

இனி வீட்டுக்கு வருவோம். கத்திரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு ரயில்வே பணிமனைக் குடியிருப்பில் இருந்தார். வரிசையாக அறுபத்துநாலு வீடு. ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி ஜன்னல். பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் இந்த வீட்டில் யாருக்குச் சளி என்று கேட்பார்கள். தம்பி பணிமனையில் சக்கரம் பொருத்துகிறவராக இருந்து, வயதாகுமுன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். தம்பி மனைவிக்கு வாய் கத்திரியம்மாவின் கத்திரியைவிடக் கூர்மை. ஆனால் பசை காய்ச்சும்போது அடிப்பிடிக்காமல் கிண்டிக் கொடுப்பதும் அவர்தான்.

தம்பியிடம் ஒரு கதை உண்டு. பத்து வருடமாக அதே கதை. பக்கத்து நாட்டு அதிபர் முதன்முதலாக ரயிலில் இங்கே வந்த நாள். ஐயா வரவேற்க ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். ஐயாவுக்குச் சும்மா நிற்கத் தெரியாது, நடக்க ஆரம்பித்தார். நடந்தவர் ஸ்டேஷனை ஒட்டியிருந்த பணிமனை வாசலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே தொழிலாளிகள், வேலை போனால் வீடும் போய்விடுமே என்று கொடி பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஐயா ஒரு கருவிப் பெட்டிமேல் ஏறி நின்று, "இந்த வீடுகளில் இருக்கிறவர்களை அவர்கள் ஆயுசு உள்ளவரை யாரும் எழுப்ப மாட்டார்கள், இது என் வாக்கு," என்றாராம். அதற்குள் ரயில் ஊதியது. ஐயா இறங்கி ஓடிவிட்டார்.

"வெளிநாட்டுக்காரன் நேரத்துக்கு வந்திருந்தா நமக்கு வீடே கிடைச்சிருக்காது," என்று தம்பி கதையை முடிப்பார். வீட்டில் இருப்பவர்கள் உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே சொல்வார்கள்.

ஐயா பதவியிலிருந்து இறங்கி ஐந்து வருடம் ஆனபின் அறுபத்துநாலு வீட்டுக்கும் ஒரே நாளில் நோட்டீஸ் வந்தது. புதிய அரசாங்கத்துக்கு அந்த இடம் வேண்டுமாம். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். ரயில்வே அதிகாரியிடம் போய்த் தம்பி கதையைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்துல இருக்கா? அச்சுல இருக்கா? தேதியோட ஏதாவது கொண்டாங்க, நிறுத்தி வைக்கிறேன். வாய்க்கு வந்த கதைய வச்சு நான் என்ன பண்ண?" என்றார். ஐயாவுக்கே இரண்டு தடவை கடிதம் போட்டார்கள். 'அப்படிக் கூறியதாக நினைவில்லை' என்று உதவியாளர் கையெழுத்தில் பதில் வந்தது. அன்றைக்கு எல்லாப் பத்திரிகைக்காரர்களும் பிளாட்பாரத்தில் இருந்தார்கள். தேநீர் குடிக்க வெளியே வந்த ஒரு மாலைப் பத்திரிகை நிருபர் மட்டும் பேச்சைக் குறித்துக்கொண்டதைத் தம்பி கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தப் பத்திரிகை மூடப்பட்டு வருடக்கணக்காகிவிட்டது. பழைய இதழ்கள் எடைக்குப் போய்விட்டன. நூலகத்தில் காலைப் பத்திரிகைகளை மட்டும்தான் சேர்த்து வைக்கிறார்கள்.

"எதுக்குப் பதறுறீங்க?" என்றார் தம்பி மனைவி, தம்பியிடம். "உங்க அக்கா ரூம்ல இல்லாததுன்னு ஒண்ணு இருக்கா? அண்ணி நாளைக்கு எடுத்துட்டு வந்துருவாங்க."

கத்திரியம்மா மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இடது பீரோவைத் திறந்தார். ஒன்பது ஆல்பத்தையும் புரட்டினார். அந்தத் தேதியே இல்லை. இன்னொரு தடவை புரட்டினார். குடையை எடுத்துவிட்டு அதற்குப் பின்னால்கூடப் பார்த்தார். பிறகுதான் ஏதோ உறைத்தது. மெதுவாக வலது பீரோவைத் திறந்து பன்னிரண்டாவது ஆல்பத்தை எடுத்தார். அந்தத் தேதி, அந்த மாலைப் பத்திரிகை, முதல் பக்கம். பிளாட்பாரத்தில் ஐயாவும் அதிபரும் கைகுலுக்குகிற படம். நாலே பக்கம் உள்ள பத்திரிகை. முதல் பக்கத்தின் முதுகு இரண்டாம் பக்கம். இரண்டாம் பக்கம் உள்ளூர்ச் செய்தி.

கத்திரியம்மா ஆல்பத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கனமான அட்டை, ஒன்றும் தெரியவில்லை. அறுபத்துநாலு வீட்டுக்கான சாட்சி அந்தக் கைகுலுக்கலுக்குப் பின்னால் முகம் குப்புறக் கிடந்தது. ஒட்டினவர் வேறு யாரோ என்றால் வாய்நிறையத் திட்டியிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

வீட்டில் எப்படிச் சொன்னார் என்பதை விவரிக்க எனக்கே சங்கடமாக இருக்கிறது. சுற்றி வளைத்தார். சிக்கன ஆணையிலிருந்து ஆரம்பித்தார். தம்பிக்குப் புரியவில்லை. தம்பி மனைவிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அப்படின்னா நம்ம வீட்டைக் கவுத்துப் போட்டு, நான் கிண்டிக் குடுத்த பசையையே தடவி ஒட்டிட்டீங்களா, அண்ணி?"

"உத்தரவு அப்படி," என்றார் கத்திரியம்மா.

"பிச்சு எடுங்க."

"ஆல்பத்துல கைவச்சா என்ன ஆகும் தெரியுமா? ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு. பென்ஷனை நிறுத்திருவாங்க."

"பென்ஷனை வச்சுக்கிட்டு எந்த வீட்டுல உக்காந்து சாப்பிடுவீங்க?"

 மறுநாள் தேநீர் வேளையில் கத்திரியம்மா முதல்முறையாகப் பேசாமல் குடித்த செய்தி அலுவலகம் பூராவும் பரவியது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஐயாவின் ஆட்சியைப் பற்றி ஒரு பேராசிரியர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக இந்த ஆல்பங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். புத்தகம் வெளியாகிற அன்று பன்னிரண்டாவது ஆல்பத்தை அந்தப் பக்கத்தில் திறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாக ஏற்பாடு. வேறு பக்கமே இல்லையா என்று கேட்கலாம். ஐயாவின் எத்தனையோ படங்களில், அவர் எதிரே நிற்பவரைவிட உயரமாகத் தெரிவது இந்த ஒன்றில்தான். பிளாட்பாரத்தில் கிடந்த எடை பார்க்கும் மேடைமேல் தெரியாத்தனமாக ஏறி நின்றிருந்தார் போலிருக்கிறது. அந்தப் படத்தின்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

நோட்டீஸ் கெடு முடிய எட்டு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐயாவே அறைக்கு வந்தார். கூடவே பேராசிரியர். ஐயா இன்னும் குள்ளமாகியிருந்தார். முழங்கால் வலி வேறு. உட்கார ஒரே ஸ்டூல்தான், அதில் உட்கார்ந்தார். முகம் சுரத்தில்லாமல் இருந்தது. கையில் புத்தகத்தின் அச்சுப்பிரதி.

"இவர் எழுதியிருக்கறதப் பாத்தியாம்மா?" என்றார். "வெளியுறவு முன்னூத்தி எழுபது பக்கம். உள்நாடு பதினோரு பக்கம். 'வெளியே நிமிர்ந்து நின்றார், உள்ளே உட்கார்ந்துவிட்டார்'னு ஒரு வரி வேற. எட்டு வருஷத்துல நான் ஊருக்குள்ள ஒண்ணுமே பண்ணலையா?"

பேராசிரியர் கையை விரித்தார். "இருக்கறத வச்சுத்தானே சார் எழுத முடியும்? ஒன்பது ஆல்பம். அதுலயும் பாதிக்கு மேல திறப்பு விழா."

கத்திரியம்மா பயந்த சுபாவம் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் பென்ஷனை நினைத்தார், தம்பி மனைவியை நினைத்தார். இரண்டாவது பயம் பெரிதாக இருந்தது.

"பண்ணீங்கய்யா," என்றார். "நல்லதும் பண்ணீங்க, மத்ததும் பண்ணீங்க. எல்லாம் முதுகுப் பக்கத்துல இருக்கு."

ஐயாவுக்கு விளங்கவில்லை. கத்திரியம்மா பீரோக் கதவைத் திறந்து உட்பக்கம் ஒட்டியிருந்த உத்தரவைக் காட்டினார். ஐயா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தன் பச்சைச் சுருக்கொப்பத்தை வெகு நேரம் பார்த்தார். யாருடையது என்று கேட்க முடியாத கையெழுத்து. பிறகு கத்திரியம்மா பன்னிரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, ரயில் தாமதமான கதையைச் சொன்னார். அறுபத்துநாலு வீட்டையும் சொன்னார். அதில் ஒரு வீடு தன்னுடையது என்பதை மறைக்கவில்லை.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்றார் ஐயா.

"சொன்னீங்களாம். என் தம்பி பத்து வருஷமா சொல்லிக்கிட்டிருக்கான். நாங்கதான் நம்பல."

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா. ரயில் லேட்டானது ஞாபகம் இருக்கு. கால் வலிச்சது ஞாபகம் இருக்கு."

"அதனாலதான்யா இதைப் பிரிச்சுப் பாக்கணுங்கறேன். பிரிக்கும்போது கிழியலாம். கிழிஞ்சா படம் போச்சு. செய்தியும் போச்சு."

பேராசிரியர் பதறிப்போனார். "சார், கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம்தான் வேணும். போட்டோ நகல் வச்சா மூலம் எங்கேன்னு கேப்பாங்க. இவங்களோட சொந்த விஷயத்துக்காக ஆவணத்தை..."

ஐயா படத்தைப் பார்த்தார். அதில் அவர் எவ்வளவு உயரம்! விரலால் அந்தத் தோளை ஒரு தடவை தொட்டார். எந்தச் சமாதான மாநாட்டிலும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

"பிரிம்மா," என்றார்.

கத்திரியம்மா முதலில் படத்தின் ஓரத்தைக் குனிந்து பார்த்தார். சின்னச் சின்னதாகப் பூச்சி அரித்த ஓட்டைகள். இத்தனை வருடமாகத் திட்டித் தீர்த்த அந்தப் பூச்சிகளைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பூச்சி அரித்திருந்தால் மைதாப் பசை. மைதாப் பசை என்றால் தண்ணீருக்கு விடும். கோந்து மட்டும் வந்துகொண்டிருந்தால் இன்றைக்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. ஐயாவின் சிக்கன ஆணை கெடுத்ததை ஐயாவின் சிக்கன ஆணையே காப்பாற்றப் பார்த்தது.

பஞ்சை நனைத்துப் பிழிந்து ஓரத்தில் ஒற்றினார். காத்திருந்தார். மறுபடி ஒற்றினார். லிஃப்ட் மோட்டார் உறுமி ஓய்ந்தது. பேராசிரியர் வியர்வை தாங்காமல் மின்விசிறி சுவிட்சில் கைவைக்கப் போனார். "தொடாதீங்க!" என்று கத்திரியம்மாவும் ஐயாவும் ஒரே குரலில் கத்தினார்கள். இருபது நிமிஷம் கழித்து இரும்பு அளவுகோலை அடியில் நுழைத்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி தூக்கினார். ஒரு மூலை கிழிந்தது. அதிபரின் ஒரு காது ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. மற்றபடி முழுசாக வந்தது.

திருப்பிப் போட்டார். ஈரத்தில் எழுத்து மங்கலாக இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. ஒன்பது வரிச் செய்தி. 'பணிமனைக் குடியிருப்பில் வசிப்போரை அவர்கள் ஆயுள் உள்ளவரை எவரும் வெளியேற்ற மாட்டார்கள் என்று' என்பது வரை தெளிவாக இருந்தது. அடுத்து, சொன்னவர் பெயர் வர வேண்டிய இடத்தில், பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை. படத்தைத் தொடாமல் பசைப் பக்கத்தை மட்டும் சுரண்டி, பூச்சி பார்த்துப் பார்த்து அந்த இடத்தைத்தான் தின்றிருந்தது. அதற்குப் பின்னால் 'உறுதியளித்தார்'.

கத்திரியம்மாவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. ஸ்டூலில் ஐயா இருந்தார். "யார் சொன்னதுன்னு இல்லையே," என்று மட்டும் முனகினார்.

ஐயா அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது தடவை படித்தபோது அவர் முகம் மாறியது. "பெட்டி ஆடுச்சும்மா," என்றார். "ஒரு பெட்டிமேல ஏறி நின்னேன். அது ஆடுச்சு. நீலச்சட்டை போட்ட ஒருத்தர் காலால அண்டை குடுத்துப் பிடிச்சுக்கிட்டார்."

"அது என் தம்பிங்கய்யா."

ஐயா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் 'மேற்படி வாக்கை அளித்தவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே பச்சை மை. "பூச்சி தின்ன இடத்துல நான் உக்காந்துக்கறேன்," என்றார். "கொண்டுபோய்க் குடும்மா. உன் பென்ஷனை யாராவது தொட்டா என்கிட்ட அனுப்பு."

ரயில்வே அதிகாரி தேதி முத்திரையை உற்றுப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். பச்சைக் கையெழுத்தைப் பார்த்தார். அவரும் வாடகை வீட்டில் இருப்பவர்தான். பெருமூச்சு விட்டுவிட்டு நோட்டீஸை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலம் குடியிருப்பில் ஒரே ஆரவாரம். தம்பி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கதையில் நீலச்சட்டையும் ஆடிய பெட்டியும் புதிதாகச் சேர்ந்திருந்தன. தம்பி மனைவி செய்தியின் நகலை நாலு தடவை படித்தார். பிறகு கத்திரியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நம்ம வீடு தப்பிச்சுது. நீங்க அங்க இருந்தீங்க, தப்பிச்சுது. இன்னும் எத்தனை பேர் வீட்டைக் கவுத்து ஒட்டி வச்சிருக்கீங்க?"

கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது அவர் குரலில் கேலி இல்லை. கத்திரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் அவர் அப்படி வெட்கப்பட்டதில்லை. குழாயில் தண்ணீர் வராதவர்கள், மனு கொடுத்தவர்கள், வாக்கு வாங்கினவர்கள், வாக்கு கிடைக்காமல் திரும்பினவர்கள் எல்லோரும் ஐயாவின் கைகுலுக்கல்களுக்குப் பின்னால் மூச்சு முட்டிக் கிடப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை அவர் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் இருந்தது. ஒன்பது மணி வேலை முடிந்ததும் தொட்டியில் தண்ணீர் பிடித்து மேசையில் வைத்தார். சிக்கன ஆணைக்குப் பிந்திய முதல் ஆல்பத்தை எடுத்தார். ஒரு நாளைக்கு நாலு துண்டு, ஐந்து துண்டு. பிரித்து, நிழலில் காயவைத்து, முதுகுப் பக்கத்தை ஓர் எழுத்து விடாமல் படித்து, தேதி குத்தி, இடது பீரோவில் சேர்த்தார். குடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடம் போயிற்று. பேராசிரியர் புத்தக வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பஞ்சு பிழியக் கற்றுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஐயாவும் வந்துவிடுவார். தன் ஆட்சி தண்ணீரிலிருந்து எழுந்து வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகம் கொடுத்த செய்தி வந்த அன்று, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து பேராசிரியரை ஒரு பார்வை பார்த்தார். எல்லாச் செவ்வாயும் அப்படி அமையவில்லை.

ஒரு நாள் ஒரு பெரிய படம். விமானப் படியில் நின்று ஐயா கையசைக்கிறார். அழகாகப் பிரிந்து வந்தது. முதுகில், மலையோர ஊர்களுக்கு இருந்த ஒரே பிரசவ ஆஸ்பத்திரியைச் சிக்கனத்துக்காக மூடிய செய்தி. மூட வேண்டாம் என்று சொல்ல முப்பது பெண்கள் கைக்குழந்தைகளோடு இரண்டு நாள் பயணம் செய்து விமான நிலையத்துக்கே வந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்ட அவர்களை உள்ளே விடுவதற்குள் ஐயாவின் விமானம் கிளம்பிவிட்டது. படத்தில் அவர் கையசைத்தது அவர்கள் நின்ற திசையைப் பார்த்துத்தான்.

ஐயா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். 

"இது இருந்த மாதிரியே இருக்கட்டும்மா," என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "கவுத்து ஒட்டிடேன்."

கத்திரியம்மாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் மேசைக்கடியில் இருந்த மைதாப் பசை டப்பாவைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டார்.

"பசை இல்லீங்கய்யா," என்றார். "உங்க சிக்கன ஆணைய இன்னும் யாரும் ரத்து பண்ணல."

ஐயா அந்தத் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஈரம் அவர் சட்டைக் கைகளில் இறங்கியது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தேதி முத்திரையைத் தானே குத்தி, நடந்து போய் இடது பீரோவைத் திறந்தார்.